தேதி தவறிய உண்மைகள்: செஞ்சி நாட்டுச் சுங்கக் கதைகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

செஞ்சிக்குத் தெற்கே, விழுப்புரத்தை நோக்கிச் செல்லும் வழியில், இராசசிம்ம பல்லவன் பனமலையில் எழுப்பிய தாளகிரீசுவரர் ஆலயத்துக்கு அணித்தாக அமைந்துள்ள அனந்தபுரம், எந்த நாட்டின் எல்லையையும் தொடாத, துறைமுகம் என்பதையே அறியாத உள்நாட்டுப் பேரூர். ஆயினும் அதைச் சூழ்ந்த பிரதேசத்தில் எல்லை கடந்த வியாபாரத்தைப் பற்றியும், கள்ளவழிகளைப் பற்றியும், இன்ன இடத்தில் சுங்கச்சாவடி இருந்தது, இன்ன இடத்தில் வரப்போகிறது என்பதைப் பற்றியும் வழங்கும் கதைகளுக்குக் குறைவில்லை. காரணம் கடினமானதன்று. கிழக்கே ஒரு நாள் மாட்டுவண்டிப் பயணத்துக்குள் அடங்கும் தூரத்தில், 1954-ஆம் ஆண்டு வரை, பிரெஞ்சுக் குடியரசின் ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியின் கிராமங்கள் நம் கிராமங்களோடு பின்னிக் கிடந்தன. வடக்கே, செஞ்சியில், நாயக்கரும் பீஜப்பூராரும் மராட்டியரும் முகலாயரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் ஒருவர் பின் ஒருவராக வைத்திருந்த மலைக்கோட்டை நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் வண்டிப்பாதைகளும் சாவடிகளும் கதைகளை விளைவிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இக்கதைகளை ஒரேயடியாகப் பொய்யென்று தள்ளிவிடுவது எளிது. பெரியோர் சொன்னது என்ற ஒரே காரணத்தால் மெய்யென்று ஏற்பது அதைவிட எளிது. இரண்டுமே ஆராய்ச்சியாகா. ஒவ்வொரு கதையையும் தனித்தனியே எடுத்து, அது எந்தக் காலத்தைக் குறிக்கிறது, அக்காலத்தில் எந்தச் சட்டம் நடந்தது, எந்தப் பொருளுக்கு எவ்வளவு தீர்வை இருந்தது என்று பரிசீலித்தால், பெரும்பாலானவை அடியோடு கற்பனையானவை அல்ல என்பதும், ஒரு காலத்தில் உண்மையாக இருந்த செய்தி வேறொரு காலத்துக்குப் பெயர்ந்து போனதே அவற்றின் குற்றம் என்பதும் விளங்கும். இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது, பிழைபட்டிருப்பது தேதி. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுங்கம் விட்டுச்செல்லும் தடயங்கள்

வதந்திகளிலெல்லாம் சுங்கத்தைப் பற்றிய வதந்தியே சோதனைக்கு மிக இணங்கியது என்று சொல்லலாம். ஒரு மாயாவியைக் கண்டதாகச் சொல்பவனை மறுக்க நமக்குச் சாட்சியம் கிடையாது. ஆனால் இன்ன ஊரில் சர்க்கார் சுங்கம் வாங்கியது என்று சொல்பவன், தன்னை அறியாமலே, ஒரு பெருந்தொகையான காகிதத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறான். சட்டம் இன்றிச் சுங்கம் இல்லை. விகிதப் பட்டியல் இன்றி வசூல் இல்லை. வசூல் இருந்தால் கணக்கு உண்டு, கணக்கு இருந்தால் மேலதிகாரியின் தணிக்கை உண்டு, தணிக்கை இருந்தால் அதை எதிர்த்த வியாபாரியின் மனுவும் உண்டு. சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக் காப்பகத்தில் ரெவின்யூ போர்டின் நடவடிக்கைகளாகவும், கெஜட்டு அறிவிப்புகளாகவும், தென்னார்க்காட்டு ஜில்லாவைப் பற்றி 1878-இல் கார்ஸ்டின் தொகுத்த கையேடு, 1906-இல் பிரான்சிஸ் எழுதிய கெஜட்டியர் முதலிய நூல்களாகவும் இந்தத் தடயங்கள் தங்கியுள்ளன.

காகிதத்தோடு இன்னொரு சாட்சியமும் உண்டு. அது பொருளாதார நியாயம். கள்ளக்கடத்தல் என்பது இரு பக்கத்து விலைகளின் வித்தியாசத்தால் பிழைப்பது. எல்லையின் இருபுறமும் ஒரு பொருளின் விலை ஒன்றாக இருக்கையில், அதை நள்ளிரவில் முள்வேலிக்கும் சேவகனின் தடிக்கும் நடுவே தூக்கிச் செல்ல எவனும் துணியமாட்டான். ஆகவே கடத்தல் கதை எதைக் கேட்டாலும், அந்த ஆண்டில் அந்தப் பொருளின் தீர்வை என்ன என்ற கேள்வியையே முதலில் எழுப்பவேண்டும். இக்கேள்விக்குத் தீர்வைச் சட்டங்களே விடை தருவதால், ஆராய்ச்சியின் பாதி வேலை நூலகத்திலேயே முடிந்துவிடுகிறது.

சுரங்கப்பாதைக் கதை

முதலில், கதைகளில் மிகக் கவர்ச்சியானதை எடுத்துக்கொள்வோம். செஞ்சிக் கோட்டையிலிருந்து புதுச்சேரி வரையிலும், வேறு சிலர் கூற்றில் வேலூர் வரையிலும், குதிரை செல்லத்தக்க சுரங்கப்பாதை இருந்ததென்றும், அதன் வழியாகச் செல்வமும் சரக்கும் ரகசியமாகப் போய்வந்தன என்றும் சொல்வார்கள். செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். மேற்கில் கடும் பாறை. கிழக்கே போகப்போக வண்டலும் மணலும் நீரூற்றும் நிறைந்த கடலோர நிலம். செஞ்சிப் பக்கத்திலிருந்து புறப்பட்டு வில்லியனூரைக் கடந்து புதுச்சேரியின் தெற்கே கடலை அடையும் சங்கராபரணி ஆறு, இத்தகைய சுரங்கத்தை எங்காவது ஓரிடத்தில் நனைத்தே தீரும்.

பௌதிகக் காரணங்களைவிட வலிமையானது காலக் காரணம். கோட்டையைப் பெருக்கிக் கட்டிய நாயக்கரின் ஆட்சி 1649-ஐ ஒட்டிப் பீஜப்பூர்ப் படையின் கையில் முடிவுற்றது. பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியேற்றத்தை நிலைநிறுத்தியது 1674-இல். நாயக்கர் சுரங்கம் வெட்டியிருந்தால், இன்னும் தோன்றாத ஒரு வியாபாரப் பட்டணத்தை நோக்கி வெட்டியிருக்கவேண்டும். பிற்காலத்தார் வெட்டினர் என்றாலோ, சரித்திரம் வேறு சாட்சி சொல்கிறது. 1690 முதல் 1698 வரை சுல்பிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டபோது உள்ளிருந்த சத்திரபதி இராஜாராம் தப்பியதற்கு முகலாயத் தளபதியின் கண்டும் காணாமையையே சரித்திராசிரியர் பலர் காரணமாகக் கூறுகின்றனரேயன்றிச் சுரங்கத்தை அல்ல. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை, புதுச்சேரியிலிருந்தே வந்த படை, இரவோடிரவாக வாயிலைத் தகர்த்து உட்புகுந்து மலைகளைக் கைப்பற்றியது. தன் பட்டணத்திலிருந்தே கோட்டைக்கு வழியிருந்திருந்தால் வாயிலைத் தகர்க்கும் சிரமம் எதற்கு?

ஆயினும் இந்தக் கதையையும் வெறும் பொய்யென்று ஒதுக்கிவிடலாகாது. கோட்டையில் இன்றும் புதுச்சேரி வாயிலென்றும், வேலூர் வாயிலென்றும் வழங்கும் பெருவாயில்கள் இருக்கின்றன. அவை அந்தந்தத் திசைக்குச் செல்லும் பாதைகளின் முகப்புகள். புதுச்சேரிக்கும் வேலூருக்கும் வழி இருந்தது; அது நிலத்தின் மேலே, வெயிலிலும் புழுதியிலும் கிடந்த வண்டிப்பாதை. கோட்டை பாழ்பட்டுப் பாதை தூர்ந்தபின், வாயிலின் பெயர் மட்டும் எஞ்சி, அதற்கு ஏற்ற ஒரு பாதையை மனிதக் கற்பனை நிலத்தடியில் தோண்டிக்கொண்டது என்று கொள்வதே பொருத்தம். 2025-இல் யுனெஸ்கோ மராட்டியப் படைத்தலங்களின் தொகுதியில் செஞ்சியையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றிருப்பதால், இனி வரும் பயணிகளிடம் இக்கதை மேலும் பரவும். சொல்பவர்கள் அந்த வாயிலையும் சேர்த்துச் சொன்னால் நன்று.

நம்பத்தகாததுபோல் தோன்றும் ஓர் உண்மை

இதற்கு நேர்மாறாக, கேட்டவுடன் கட்டுக்கதை என்று தோன்றி, ஆராய்ந்தபின் மெய்யென்று நிலைபெறும் கதையும் இதே செஞ்சியைச் சேர்ந்ததுதான். கடலூருக்கு அருகேயுள்ள சில கிராமங்கள் பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரத்தைக் கொண்டு ஆங்கிலேயருக்குச் சொந்தமாயின என்று அங்குள்ளோர் கூறுவர். ஒரு தேசத்தின் எல்லையைப் பீரங்கியால் அளப்பதா என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் செஞ்சியில் இருந்த இராஜாராமிடமிருந்து 1690-இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி தேவனாம்பட்டினக் கோட்டையை விலைக்கு வாங்கியபோது, கோட்டையைச் சுற்றிப் பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரையுள்ள நிலமும் கிராமங்களும் கம்பெனியைச் சேரும் என்பதே உடன்படிக்கை. எலிஹு யேல் சென்னையில் கவர்னராக இருந்த காலம் அது. அவ்வாண்டு செப்டம்பரில் பீரங்கி சுடப்பட்டது. குண்டு சென்ற எல்லைக்குள் அடங்கிய ஊர்கள் குண்டுக் கிராமங்கள் எனப் பெயர் பெற்றன. அந்தக் கோட்டையே பின்னர் செயின்ட் டேவிட் கோட்டை எனப் புகழ்பெற்றது.

இவ்விரு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. ஒரு செய்தி விசித்திரமாக இருப்பது அதைத் தள்ளுவதற்குரிய காரணமாகாது. சாதாரணமாக இருப்பது ஏற்பதற்குரிய காரணமும் ஆகாது. பீரங்கிக் கதைக்கு உடன்படிக்கை இருக்கிறது, தேதி இருக்கிறது, வாங்கியவரும் விற்றவரும் இருக்கிறார்கள். சுரங்கக் கதைக்கு இவை எதுவும் இல்லை.

பிரெஞ்சு எல்லையும் தீர்வையின் ஏற்றத்தாழ்வும்

இனி, உண்மையிலேயே எல்லை கடந்த வியாபாரம் நடந்த காலத்துக்கு வருவோம். 1761-இல் புதுச்சேரியும் செஞ்சியும் ஆங்கிலேயரிடம் வீழ்ந்து, பல போர்களின் பின் 1814-ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையின்படி 1816-இல் புதுச்சேரி மறுபடியும் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒப்படைக்கப்பட்ட நிலமோ ஒரே துண்டாக இல்லை. ஒரு பிரெஞ்சுக் கிராமம், அடுத்தது ஆங்கிலக் கிராமம், அதற்கப்பால் மீண்டும் பிரெஞ்சுக் கிராமம் என்று பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம், மண்ணாடிப்பட்டு ஆகிய பகுதிகள் தென்னார்க்காட்டு ஜில்லாவுக்குள் சிதறிக் கிடந்தன. ஒரே ஏரியின் பாசனம் இரண்டு ராஜ்யங்களின் வயல்களுக்குப் பாயும்; ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சுப் பிரஜையாகவும் தம்பி ஆங்கிலேயப் பிரஜையாகவும் இருப்பான். இப்படிப்பட்ட எல்லையைக் காவல் காப்பது எவ்வளவு சிரமமென்பதை எழுதிக்காட்ட வேண்டியதில்லை.

உப்பிலிருந்து தொடங்குவோம், ஏழையின் கலயத்தில் விழும் பொருள் என்பதால் அதன் கடத்தலே அதிகமாகப் பேசப்படுவது. மரக்காணத்து உப்பளங்கள் இந்த ஜில்லாவிலேயே இருந்தன. உப்பு ஆங்கிலச் சர்க்காரின் ஏகபோகமாக இருந்தது. புதுச்சேரியில் தனி உப்பு விளைந்து மலிவாக விற்றால் ஏகபோகம் சரிந்துவிடும் என்று கண்ட ஆங்கிலேயர், 1815-ஆம் ஆண்டு லண்டனில் பிரெஞ்சுக்காரரோடு ஒப்பந்தம் செய்து, ஆண்டுதோறும் 4 லட்சம் சிக்கா ரூபாய் கொடுத்து அங்கே விளையும் உப்பை வாங்கும் தனியுரிமையைத் தம் கையில் வைத்துக்கொண்டனர். பிரெஞ்சுப் பகுதி மக்களின் உபயோகத்துக்கு வேண்டிய உப்பை மட்டும் ஒதுக்கிவிடுவது, பக்கத்து ஆங்கில ஊர்களின் விலைக்கு ஏறக்குறைய ஒத்த விலையிலேயே அதை விற்பது என்பன அந்த ஏற்பாட்டின் உட்கருத்து. ஆகவே ஒப்பந்தம் அமலில் இருந்த காலத்தில் புதுச்சேரி உப்பு மூட்டைமூட்டையாக மேற்கே கடத்தப்பட்டது என்று ஒருவர் சொன்னால், அதில் லாபம் எங்கிருந்து வந்தது என்று அவரைக் கேட்க நமக்கு உரிமையுண்டு.

சரக்குகளின் மீதான நிலச்சுங்கத்தின் சட்டம் 1844-இல் வந்தது. சென்னை ராஜதானியில் ஊருக்கு ஊர் வாங்கிவந்த உள்நாட்டுச் சுங்கத்தை ஒழித்த அதே 6-ஆவது சட்டம், கடற்கரையிலிருந்த அந்நிய ஐரோப்பியக் குடியேற்றங்களை வெளிநாடாகவே பாவித்து, அவற்றுக்கும் நமக்குமிடையே நிலவழியாகச் செல்லும் சரக்குகளுக்குத் தீர்வை விதித்தது. ஆகையால் 1844-க்கு முன்பு அனந்தபுரம் போன்ற உள்நாட்டு ஊரில் சுங்கச்சாவடி இருந்தது என்பதை, ஆவணம் காட்டினால், ஏற்கத் தடையில்லை. அத்தகைய சாவடிகள் நாடெங்கும் இருந்தன, பல குத்தகைக்கும் விடப்பட்டன. 1844-க்குப் பின்பு அங்கே சுங்கம் வாங்கினார்கள் என்பதோ சட்டத்துக்கும் பூகோளத்துக்கும் முரணானது. ஏனெனில் அதற்குப்பின் சாவடியின் இடம் பிரெஞ்சு எல்லையோரமேயன்றி உள்நாடன்று.

அந்த எல்லைச் சாவடியில் நிறுத்தப்படும் வண்டியைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். மேற்கிலிருந்து கிழக்கே வரும் வண்டியில் பெரும்பாலும் வேர்க்கடலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்னார்க்காட்டு மணற்பாங்கான நிலங்களில் வேர்க்கடலைச் சாகுபடி வேகமாகப் பெருகி, புதுச்சேரித் துறையிலிருந்து மார்சேல்ஸ் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பல் ஏறியது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கியபின் இப்போக்குவரத்து மேலும் பெருகிற்று. இந்த வேர்க்கடலை இரவில் களவாகக் கடத்தப்பட்டது என்று ஒருவர் கதை சொன்னால் அதன் தேதியைச் சோதிக்கவேண்டும். 1875-இல் அரிசி, அவுரி, அரக்கு ஆகிய மூன்றும் நீங்கலாக மற்ற ஏற்றுமதிகளின் தீர்வை நீக்கப்பட்டுவிட்டது. அதன்பின் வேர்க்கடலை பட்டப்பகலில், ரயில் ரசீதோடு, பகிரங்கமாகப் போகும் சரக்கு. அதைக் களவாடிச் செல்பவன் வீண் உழைப்பாளி.

எதிர்த்திசையில் வரும் சரக்குகளே கடத்தலுக்கு உரியவை. அவற்றின் சரித்திரமும் தீர்வைப் பட்டியலோடே ஏறி இறங்குகிறது. 1882-இல், ரிப்பன் பிரபு வைசிராயாக இருந்தபோது, பிரிட்டிஷ் இந்தியாவின் பொதுவான இறக்குமதித் தீர்வைகள் நீக்கப்பட்டன. மது, உப்பு, ஆயுதம் முதலிய சிலவே எஞ்சின. 1894-இல் பொதுத் தீர்வை நூற்றுக்கு 5 வீதம் திரும்பி வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் புதுச்சேரியிலிருந்து துணியும் சீமைச் சாமான்களும் கடத்தப்பட்டன என்ற கதைக்கு அடிப்படை மிகப் பலவீனமானது. மதுவைப் பற்றிய கதைக்கோ அதே ஆண்டுகளில் நல்ல அடிப்படை உண்டு. முதல் உலக யுத்தத்துக்குப் பின் தீர்வை விரைந்து ஏறிற்று: 1921-இல் 11 வீதம், 1922-இல் 15 வீதம், 1931-இல் மேல்வரிகளோடு 25 வீதம். இந்த ஏற்றத்தின் நடுவே, 1924-இல், நிலச்சுங்கச் சட்டம் புதிதாக இயற்றப்பட்டது தற்செயலன்று. தீர்வை உயர உயரக் கள்ளவழியின் கூலியும் உயர்ந்தது. முப்பதுகளைப் பற்றி முதியோர் சொல்லும் கடத்தல் கதைகளை, ஆகவே, இருபது ஆண்டுகளுக்கு முந்தியவற்றைவிட அதிக கவனத்தோடு கேட்கலாம்.

இதற்கடுத்து வரும் ஒரு காலப்பகுதி, கதைசொல்லிகளின் கால்களைப் பெரும்பாலும் இடறிவிடுவது. 1941-இல் பிரிட்டிஷ் இந்தியாவும் பிரெஞ்சு இந்தியாவும் சுங்க ஐக்கிய ஒப்பந்தம் செய்துகொண்டு, புதுச்சேரியும் ஒரே தீர்வை வட்டத்துக்குள் வந்தது. யுத்தக் காலம் முழுவதும் இந்த ஏற்பாடு நீடித்தது. 1949-இல் அது முடிவுற்றதும், இந்திய சர்க்கார் எல்லையைச் சுற்றிச் சுங்கக் காவல் வளையம் அமைத்தது. உள்ளேயோ தீர்வையற்ற துறைமுகம், வெளியே உயர்ந்த தீர்வையும் தங்க இறக்குமதித் தடையும். தங்கமும் கடிகாரமும் சீமைச் சாராயமும் பாண்டியிலிருந்து வெளியேறிய கதைகளின் பொற்காலம் இந்த ஐந்தாண்டுகளே; இவற்றுக்குப் பொருளாதார நியாயம் முழுமையாக இருக்கிறது. ஆனால் இதே கதைகளை ஜப்பான் குண்டு விழுமோ என்று அஞ்சிய ஆண்டுகளில் நடந்தவையாகச் சொல்வோர் உண்டு. சுங்க எல்லையே நீங்கிய காலத்தில் சுங்கத்தை ஏய்த்ததாகச் சொல்வது அது. மனித ஞாபகத்தில் யுத்தமும் அதன்பின் வந்த பஞ்சமும் பங்கீடும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன.

1954 மார்ச் இறுதியில் நெட்டப்பாக்கத்தில் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி வெற்றிபெற்றது. அவ்வாண்டு அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1 அன்று ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டபூர்வமான மாற்றமும் நிறைவுற்றது. ஆனால் 1954 நவம்பரோடே புதுச்சேரி எல்லையில் சுங்கச்சாவடி என்ற ஸ்தாபனத்தின் சரித்திரம் முடிந்துவிட்டது.

சாவடிகளின் கலப்பு

அப்படியானால், 1954-க்குப் பின் பிறந்தவர்களும் எல்லைச் சாவடியில் தாங்கள் சோதிக்கப்பட்டதாக ஞாபகம் சொல்வது எப்படி? அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டியதில்லை. சோதனைச் சாவடிகள் உண்மையாகவே இருந்தன, ஆனால் அவை வேறு சாவடிகள். உணவுப் பஞ்சத்தை ஒட்டிய கட்டுப்பாட்டில், ஜில்லாவுக்கு ஜில்லா நெல்லும் அரிசியும் நகர்த்தத் தடை இருந்தது. அதைக் கண்காணிக்கச் சோதனை இருந்தது. ராஜாஜி 1952-இல் அரிசிக் கட்டுப்பாட்டை அகற்றியபின்னும் பின்னாளில் தானிய நடமாட்டக் கட்டுப்பாடு தலைதூக்கியதுண்டு. மதுவிலக்கு 1948-இல் ராஜதானி முழுவதும் பரவியபின், பிரெஞ்சு ஆட்சிக் காலத்திலும் அதற்குப் பின்னும் புதுச்சேரியில் மது கிடைத்ததால், அவ்வெல்லையில் மதுவிலக்குப் போலீசார் வண்டிகளைச் சோதித்தனர். விற்பனை வரிச் சோதனைச் சாவடிகளும் இருந்தன; சரக்கு சேவை வரி 2017 ஜூலை 1 அன்று வந்தபோதுதான் அவை ஒழிந்தன.

இப்போது நெடுஞ்சாலைகளில் வாகனக் கட்டணம் வாங்கும் நிலையங்களையும் மக்கள் சுங்கச்சாவடி என்றே அழைக்கிறார்கள். முன்னாளில் புதுச்சேரியிலிருந்து திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை வழியாகக் கிருஷ்ணகிரிக்குச் சென்ற 66-ஆம் எண் சாலையின் பெரும்பகுதி இன்று திண்டிவனம் முதல் கிருஷ்ணகிரி வரையிலான 77-ஆம் எண் சாலையாக விளங்குகிறது. அதில் செஞ்சிக்கு அருகே நங்கிலிகொண்டானில் அத்தகைய நிலையம் இருக்கிறது. அதில் வாங்குவது சாலைக் கட்டணமேயன்றிச் சரக்குத் தீர்வை அன்று. வாங்குவோரும் வேறு, சட்டமும் வேறு, பணம் சேரும் இடமும் வேறு. உள்நாட்டுச் சுங்கம், எல்லைச் சுங்கம், அரிசிக் கட்டுப்பாடு, மதுவிலக்கு, விற்பனை வரி, சாலைக் கட்டணம் என்ற ஆறும், கை காட்டி வண்டியை நிறுத்தும் செயலில் ஒன்றுபட்டிருப்பதால் கேட்பவர் மனத்தில் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே சாவடி இருந்தது என்று ஒருவர் சொல்லும்போது, அங்கே நின்றவர் எந்த இலாகாவின் உத்தியோகஸ்தர், எதைத் தேடினார், எதற்குச் சீட்டு கொடுத்தார் என்று கேட்பதே முறை. மூட்டையைக் குத்தி அரிசியா என்று பார்த்தாரா, பையைத் திறந்து புட்டியா என்று பார்த்தாரா, ரசீதைக் கேட்டாரா என்ற சிறு கேள்வியே பெரும்பாலும் காலத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நாட்குறிப்பாளரின் முறை

வதந்தியைப் பதிவு செய்யும் முறைக்கு இந்தப் பிரதேசத்திலேயே உயர்ந்த முன்மாதிரி உண்டு. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் காலத்தில் புதுச்சேரியில் தலைமை துபாஷாக (மொழிபெயர்ப்புத் தரகராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 செப்டம்பர் முதல் 1761 ஜனவரியில் தாம் இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு வரை தமிழில் எழுதிவந்த நாட்குறிப்பு, வியாபாரியின் கணக்கும் அரசியல்வாதியின் எச்சரிக்கையும் கலந்த நூல். செஞ்சி பிரெஞ்சுக்காரர் வசமான செய்தியும் அவர் காலத்தின் செய்தியே. கப்பல் வருகை, துணி விலை, படை நடமாட்டம், நவாபின் மனநிலை என்று அவருக்கு எட்டியவற்றுள் கேள்விப்பட்டது இது, கண்டது இது என்ற பேதம் அந்நூலில் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கிறது; யார் வந்து சொன்னார், எந்த நாளில் என்பதும் பல இடங்களில் காணப்படுகிறது. 1846-இல் கண்டெடுக்கப்பட்ட பின், 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்நூலை இன்று நாம் நம்பிப் படிப்பதற்குக் காரணம், அதில் எல்லாம் உண்மையாக இருப்பதன்று. எது செவிவழி வந்தது என்பதை ஆசிரியர் மறைக்காமல் இருப்பதே.

அனந்தபுரத்திலோ செஞ்சியிலோ முதியோரிடம் கதை சேகரிக்கும் மாணவர், இந்த ஒழுங்கைக் கைக்கொண்டால் போதும். சொல்பவர் தாமே கண்டாரா, தந்தை சொல்லக் கேட்டாரா, எந்த ஆண்டை ஒட்டி, என்ன சரக்கு, எந்தத் திசையில் என்ற ஐந்தையும் எழுதிக்கொண்டால், பிறகு காப்பகத்துக்குப் போகும்போது கையில் ஒரு கேள்வி இருக்கும். அது இல்லாதபோது அங்குள்ள காகிதக் குவியலில் வழி தவறிப்போக நேரும்.

இன்றைய செய்திகளுக்கு இந்த உரைகல்

இது பழங்கதைகளுக்கு மட்டும் உரிய உரைகல் அன்று. இன்ன ஊரில் சுங்க இலாகாவின் கிடங்கு வருகிறது, இன்ன சாலை வெளிநாட்டுச் சரக்குக்கென ஒதுக்கப்படுகிறது, இன்னின்னாருக்குக் கட்டணம் கிடையாது என்று கைபேசிகளில் பரவும் தகவல்களுக்கும் இதே பரீட்சை செல்லும். 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, துறைமுகமோ விமான நிலையமோ உள்நாட்டுச் சரக்குப் பெட்டக நிலையமோ நிலச்சுங்க நிலையமோ எதுவானாலும், மத்திய மறைமுக வரிகள் மற்றும் சுங்க வாரியம் அறிவிக்கை வெளியிட்டு நியமித்த பின்னரே சுங்க நிலையமாகும் என்கிறது. அறிவிக்கையில்லாத சுங்க நிலையம் சட்டத்தின் கண்ணில் இல்லாத நிலையமே. சாலைக் கட்டணத்துக்கோ 2008-ஆம் ஆண்டு விதிகள் உள. ஒரே சாலைப் பிரிவில், ஒரே திசையில், 60 கிலோமீட்டருக்குள் இன்னொரு கட்டண நிலையம் அமைக்கக்கூடாது என்பது அவற்றின் பொது விதி. தகுந்த காரணங்களை எழுத்தில் பதிவு செய்தால் விலக்கு அளிக்கவும் அதே விதிகள் இடம் தருகின்றன. பரவும் செய்தி முதற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டாம் நிலையம் எதுவுமே சட்டவிரோதம் என்று முழங்குகிறது. விலக்கு என்ற பிற்பாதி அதில் காணாமற்போகிறது. இங்கே பிசகுவது தேதியன்று, வாக்கியத்தின் அளவு. ஆனால் உண்மையின் ஒரு துண்டு தன் நிலையிலிருந்து பெயர்ந்துவிட்டது என்ற நோய் ஒன்றே.

ஆராய்ச்சிக்கு ஓர் எல்லையும் உண்டு. கிராமத்துக் கதையைச் சட்டப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, புத்தகத்தில் இல்லாதது எதுவும் நடக்கவில்லை என்று தீர்ப்புக் கூறுவது, உத்தியோகஸ்தர்களின் நேர்மையை மிகைப்படுத்தி எடுத்துக்கொள்வதாகும். சட்டம் ஒழித்தபின்னும் பழைய குத்தகைக்காரன் வழக்கத்தின் பலத்தால் வாங்கிவந்திருக்கலாம். சட்டம் இல்லாத இடத்தில் சேவகன் தன் கைக்கு வாங்கியிருக்கலாம். அப்படி நடந்தது என்று சொல்வோருக்கும் ஆனால் ஒரு கடமை உண்டு: அந்த வசூல் சர்க்காரின் சுங்கம் அன்று, தனி மனிதனின் கொள்ளை என்று பெயரிட்டுச் சொல்லவேண்டும். பெயர் மாறினால் பொறுப்பும் மாறுகிறது; ஒரு ஸ்தாபனத்தின் சரித்திரம் அத்தோடு ஒரு மனிதனின் குற்றமாகிவிடுகிறது.

வதந்தியைச் சோதிப்பவர் தன்னைச் சத்தியத்தின் காவலனாகவும் கதை சொல்பவரை அறியாதவராகவும் எண்ணிக்கொள்ள இடமில்லை. சங்கராபரணிக் கரையில் விளைந்த வேர்க்கடலை கடல் கடந்தது, வரி ஏறியபோதெல்லாம் இரவில் சரக்கு நகர்ந்தது, எல்லையில் கைகள் வண்டிகளை நிறுத்தின. சரித்திரம் எழுதாமல் விட்ட இவற்றை இந்த மக்கள் தங்கள் வாயில் வைத்துக் காத்துவந்திருக்கிறார்கள். அவர்கள் வைத்திருப்பது சரக்கு. ஆராய்ச்சியாளன் அதில் எழுத வேண்டியது தேதி. கதையையும் தேதியையும் பொருத்தும் இந்த வேலையைத் தென்னார்க்காட்டின் ஒவ்வொரு கிராமத்துக்கும் செய்தால், புதுச்சேரி எல்லையின் இருநூறு ஆண்டு வியாபார வரலாறு, அரசு ஏடுகள் சொல்லாத பகுதியோடு சேர்ந்து, முதன்முறையாக முழுமை பெறும்.